சத்துமு தீவின் விளக்கும் நாகப்பட்டினத்துக் கரையும்

சிங்கப்பூரையும் நாகப்பட்டினத்தையும் சகோதர நகரங்களாக அறிவிக்க வேண்டும். இதை நான் பல பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் சொன்னேன், தேக்காவில் தோசைக்கு வரிசையில் நின்றபோது சொன்னேன், ஒரு கல்யாண விருந்தில் பக்கத்து இலைக்காரரிடமும் சொன்னேன். சிலர் "நாகப்பட்டினமா? சின்ன ஊராச்சே" என்பார்கள். சிலர் "சிங்கப்பூர் ஒரு நாடு, அதுக்கு எதுக்கு சகோதர நகரம்?" என்பார்கள். இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் உண்டு. ஆனால் கொஞ்சம் நீளமான பதில். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பதில் ஒரு கலங்கரை விளக்கத்தில் ஆரம்பிக்கிறது.

கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் தொழிலில் இருக்கிறேன். அரிசி, காய்கறி, உறைந்த கோழி, கயிறு, பெயிண்ட், இயந்திர உதிரிப் பாகம் என்று கப்பல் எதைக் கேட்டாலும் அது லாரியில் ஜெட்டிக்கு வரும். அங்கிருந்து லாஞ்ச்சில் ஏற்றி, கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் அலுவலகத்தில் கணினி முன்தான் இருப்பேன். சாமான் அதிகமாக இருந்தாலோ, கப்பலில் கணக்குத் தகராறு என்றாலோ நானே லாஞ்ச்சில் போவேன். எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

மேற்குப் பக்கத்து ஆங்கரேஜுக்கு, அதாவது கப்பல்கள் நங்கூரம் போடும் இடத்துக்கு, போகும்போது, தெற்கே தீவுகளுக்கு அப்பால் ஒரு வெள்ளைத் தூண் தெரியும். ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம். நிற்கிற இடம் புலாவ் சத்துமு, சிங்கப்பூரின் தென்கோடித் தீவு. அனுமதி இல்லாமல் அங்கே யாரும் இறங்க முடியாது. நானும் இறங்கியதில்லை. தூரத்திலிருந்து பார்த்ததுதான். விடிவதற்கு முன்னால் பார்ப்பதுதான் சிறப்பு. மூன்று முறை மின்னும், அப்புறம் இருட்டு, மறுபடியும் மூன்று. 20 விநாடிக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு விளக்குக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. கிழக்கே பெட்ரா பிராங்காவில் நிற்கும் ஹார்ஸ்பர்க் விளக்கின் தாளம் வேறு. மரீன் பரேடில் 25 மாடிக் குடியிருப்பின் உச்சியில் 1978இல் வைத்த பிடோக் விளக்கின் தாளம் வேறு. கடல் வரைபடத்தில் எல்லாம் அச்சாகி இருக்கும். இருட்டில் ஒரு வெளிச்சத்தைக் கண்டால் மாலுமி விநாடிகளை எண்ணுவார், எந்த விளக்கு என்று தெரிந்துவிடும், எங்கே இருக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும். செயற்கைக்கோள் வந்த பிறகும் இந்த விளக்குகளை அணைக்கவில்லை. கருவி கெட்டுப்போனால் கண் போதும் என்பதால்தான்.

எங்கள் லாஞ்ச்சை ஓட்டுபவர் அறுபதைத் தாண்டிய மலாய்க்காரர். எல்லாரும் "பாக் சிக்" என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தது புலாவ் செமாக்காவில். 1970களில் தீவுக்காரர்களைப் பெரிய தீவுக்குக் குடிமாற்றியபோது பையனாக வந்தவர். இப்போது செமாக்காவ் என்றால் நம் ஊருக் குப்பைச் சாம்பல் போகிற இடம் என்றுதான் பலருக்கும் தெரியும். அவருக்கு அது வீடு. இராத்திரி மீன் பிடித்துவிட்டுத் திரும்பும்போது சத்துமு விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டால் வீடு வந்துவிடும் என்று அவருடைய அப்பா சொல்வாராம். ஒரு நாள் விடிகாலையில் அந்த விளக்கைக் கையால் காட்டி மலாயில் கேட்டார்: "இதைக் கட்டினது உங்க ஆளுங்க. தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அப்போது பிடித்தது இன்னும் விடவில்லை.

பாக் சிக் சொன்னது சரிதான். 1854 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளன்று, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பட்டர்வொர்த் சத்துமுவில் அடிக்கல் நாட்டினார். 1855 டிசம்பர் 1ஆம் தேதி விளக்கு எரிய ஆரம்பித்தது. கோபுரத்துக்கான கருங்கல் புலாவ் உபின் தீவிலிருந்து வந்தது. வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்.

இந்தக் கைதிகளின் கதையைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வரியில் படித்திருப்போம். அதற்கு மேலே எவ்வளவோ இருக்கிறது. 1825 ஏப்ரலில் முதல் தொகுதி சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து முன்பே பென்கூலனுக்குக் கடத்தப்பட்டிருந்த 80 பேர். ஒரு வாரத்தில் வங்காளத்துக் கைதிகள் வந்தார்கள். பிறகு ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இந்த ஊரின் கட்டுமானக் கை அவர்களுடையதுதான். சாலை போட்டார்கள், காடு வெட்டினார்கள், சதுப்பை நிரப்பினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது. இன்று இஸ்தானா என்று நாம் சொல்லும் ஆளுநர் மாளிகையும் அவர்கள் கட்டியதுதான். 1873இல் சிறையைக் கலைத்து, மிச்சம் இருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். தண்டனை முடிந்து விடுதலை ஆனவர்களில் பலர் இங்கேயே தங்கி, மாடு வைத்துப் பால் விற்றும் வண்டி ஓட்டியும் பிழைத்தார்கள்.

தேவாலயச் சுவருக்கு அவர்கள் பூசிய சுண்ணாம்பைப் பற்றிக் கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர் 1899இல் எழுதியிருக்கிறார். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றையும் பசையாக அடித்து, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீரை விட்டுக் கலப்பார்களாம். பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குவார்களாம். இந்தப் பூச்சுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரிலேயே மெட்ராஸ் இருந்தது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த வேலை தெரிந்த கை கடல் தாண்டி வந்திருக்கிறது, காலில் விலங்கோடு.

அவர்கள் எல்லாரும் தமிழர்கள் என்று நான் சொல்லவில்லை. வங்காளி, தெலுங்கர், மராட்டியர், பஞ்சாபி என்று எல்லா மாகாணத்து ஆட்களும் இருந்தார்கள். கொலை செய்தவர்கள் இருந்தார்கள், வழிப்பறி செய்தவர்கள் இருந்தார்கள், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் 1849 வரை ஒரு வழக்கம் இருந்தது. ஆயுள் கைதியின் நெற்றியில் அவனுடைய குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்புவார்கள். தலைப்பாகையைத் தாழ்த்திக் கட்டி அதை மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். செய்த குற்றம் சாகிற வரைக்கும் நெற்றியில் இருந்தது. அடுக்கிய கல்லில் பெயர் இல்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

உபினுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சாங்கி முனையில் பம்போட் என்கிற சின்னப் படகில் ஏறி, ஜெட்டியில் இறங்கி, சைக்கிள் எடுத்துக்கொண்டு பெக்கான் கல்குழிக்குப் போகலாம். கடைசிக் கல்லுடைப்பு 1999இல் நின்றுபோய், குழிகளில் தண்ணீர் நிரம்பி இப்போது ஏரிகளாகிவிட்டன. நடுவில் நிற்கும் செத்த மரங்களில் கொக்குகள். வந்தவர்கள் எல்லாரும் கொக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்க்கரைப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறம், நடுவில் கறுப்புப் புள்ளிகள், வெயில் படும் இடத்தில் வெள்ளையாகவே தெரிகிறது. வெடிமருந்தை விட்டுவிட்டு உளியால் கல் எடுப்பது எப்படி என்று மகளுக்குச் சொன்னேன். ஒரே வரிசையில் விரல் நீளக் குழிகள் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒவ்வொன்றாகச் சம்மட்டியால் ஒரே அளவுக்கு அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு ஆப்பில் அதிகமாக அடித்துவிட்டால் கல் கோணலாகப் பிளந்துவிடும். சரியாகப் போனால் கல்லின் சத்தம் மாறும், அப்போது தெரிந்துவிடும் பிளக்கப்போகிறது என்று. நாகப்பட்டினம் பக்கம் வயலும் மணலும்தான், பாறை கிடையாது. இதெல்லாம் அம்மா வழித் தாத்தாவிடம் கேட்டது. அவர் புதுக்கோட்டைப் பக்கம் கல்லுடைத்தவர்.

"அந்தத் தீவுக்கு இந்தக் கல் எப்படிப் போச்சு?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. உபின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது, சத்துமு தென்மேற்கு மூலையில். சிங்கப்பூரைப் பாதி சுற்றி, படகில்தான் போயிருக்க வேண்டும். அந்தக் காலத்துப் படகில், நீரோட்டம் இழுக்கிற கடலில், ஒவ்வொரு கல்லாக. ஹார்ஸ்பர்க் விளக்குக்கும் உபின் கல்தான். அது 1850இல் தொடங்கி 1851இல் முடிந்தது. கட்டியவர் அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். அவருடைய பெயர் எல்லா நூலிலும் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். அலை வந்து மோதும் பாறை மேல் ஒரு கோபுரத்தை நிறுத்துவது லேசான காரியம் இல்லை.

சென்னையில் 1844இல் ஒரு கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் தனியாக நிற்கும் அந்த உயரமான கல் தூணைப் பாரிமுனைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். கைதியானாலும் கலெக்டரானாலும் மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். 1844க்குப் பிறகு அந்தக் கரையிலிருந்து கப்பல் ஏற்றப்பட்டவன் திரும்பிப் பார்த்திருந்தால் கடைசியாகக் கண்ணுக்குத் தெரிந்தது அந்தத் தூணாகத்தான் இருந்திருக்கும். அவர்களில் யாராவது ஒருவன் பத்து வருஷம் கழித்து சத்துமுவில் கல் ஏந்தி நின்றிருக்கலாம். ஆவணம் கையில் இல்லாமல் இதை வரலாறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் லாஞ்ச்சில் போகும்போதெல்லாம் அந்த ஒருவனைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி நாகப்பட்டினத்துக்கு வருகிறேன்.

என் அப்பா வழித் தாத்தா 1950களில் ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் ராஜுலா கதை இல்லாத வீடு குறைவு. 1926இல் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அப்புறம் எம்.வி. சிதம்பரம். அது 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, அதோடு கப்பல் பயணமே முடிந்துபோனது. நாகையிலும் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிற்கும். படகில் போய்க் கயிற்றையும் ஏணியையும் பிடித்து ஏற வேண்டும். ஆளோடு ஆளாக வெங்காய மூட்டைகளும் ஏறும். தாத்தா டெக் பயணி. மேல்தளத்தில் ஒரு பாயை விரித்தால் அதுதான் சிங்கப்பூர் வரைக்கும் வீடு. வெங்காய வாசனை வந்தாலே அவருக்குக் கப்பல் ஞாபகம் வந்துவிடும். அம்மா அடுப்படியில் வெங்காயம் நறுக்கும்போது ஆரம்பிப்பார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. கடைசி இரவில் தூக்கம் வராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இருட்டில் ஒரு வெளிச்சம் வந்து வந்து போயிற்றாம். பக்கத்தில் நின்ற பெரியவர், ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை வந்து போனவர், "தம்பி, சிங்கப்பூர் விளக்கு. துணிமணியை எடுத்துக் கட்டு" என்றாராம்.

நூலகத்திலிருந்து வந்த பிறகு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். போர்ட் சுவெட்டன்ஹம்மிலிருந்து, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலிருந்து, மலாக்கா நீரிணை வழியாகக் கீழே இறங்கும் கப்பலுக்கு, சிங்கப்பூரை நெருங்கும்போது புலாவ் பீசாங் விளக்கு தெரியும். 1886இல் ஏற்றியது. தீவு ஜொகூருடையது, விளக்கை நடத்துவது சிங்கப்பூர். 1900இல் சுல்தானோடு போட்ட ஒப்பந்தப்படி இன்று வரைக்கும் அப்படித்தான். பிறகு சிங்கப்பூரின் வாசலில் நிற்பது சத்துமு. பெரியவர் காட்டிய விளக்கு ராஃபிள்ஸ் விளக்குதான் என்று நான் நம்புகிறேன். சென்னை மாகாணத்துக் கைதிகளும் சேர்ந்து கல் உடைத்துக் கட்டிய கோபுரம், சென்னை மாகாணத்திலிருந்து பிழைக்க வந்த என் தாத்தாவுக்கு ஊர் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறது. இடையில் கிட்டத்தட்ட நூறு வருஷம்.

எதிர்த் திசையிலும் இப்படி ஒன்று இருந்தது. நாகைக்கு ஒன்றிரண்டு மைல் வடக்கே பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று, மூன்று அடுக்குச் செங்கல் கோபுரம், நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் சீனக் கோபுரம் என்றார்கள். 1846இல் சர் வால்டர் எலியட் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். நாகைத் துறைக்கு வருகிற கப்பல்களுக்குத் தூரத்திலிருந்தே அடையாளமாக அது தெரியும் என்கிறார். 1867இல், அரசாங்கத்தின் அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். இடித்த கல்லும் செங்கல்லும் வேறு கட்டடத்துக்குப் போயின. ராஃபிள்ஸ் விளக்கு எரியத் தொடங்கிப் பன்னிரண்டு வருஷத்தில் இந்தக் கோபுரம் போய்விட்டது.

நாகையில் பௌத்தக் கோபுரம் எப்படி வந்தது என்றால், அங்கேதான் நம் பக்கத்துச் சங்கதி வருகிறது. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1006 வாக்கில், ஸ்ரீவிஜய அரசன் மாற விஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஏடுகளில் இது இருக்கிறது. ஸ்ரீவிஜயம் என்பது சுமத்ராவை மையமாகக் கொண்டு மலாக்கா நீரிணையின் இரு கரைகளையும் கட்டி ஆண்ட அரசு. என் லாஞ்ச் போகிற இதே நீர்வழி. சைவ ராஜா, பௌத்த ராஜா, நடுவில் வங்காள விரிகுடா. இருபது வருஷத்தில் ராஜேந்திரன் படையெடுத்து அதே ஸ்ரீவிஜயத்தைத் தாக்கினான் என்பதும் உண்மை. உறவு என்றால் எல்லாம் சேர்ந்ததுதானே.

நாகைக்குப் பக்கத்தில் நாகூர். சாகுல் ஹமீது ஆண்டவரின் தர்காவில் உள்ள மினாராக்களில் பெரியது 131 அடி. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. கடலிலிருந்து பார்த்தால் ஊருக்கு முன்னால் அதுதான் தெரியும். ஆண்டவர் கப்பல்காரர்களின் காவலர். ஓட்டை விழுந்து மூழ்கப்போன கப்பலிலிருந்து கூப்பிட்டார்களாம். முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கையில் இருந்த கண்ணாடியை எறிந்தாராம். அது போய் ஓட்டையை அடைத்துக்கொண்டதாம். எங்கள் அப்பாயி இந்துதான். தாத்தா கப்பல் ஏறிய அன்றைக்கு நாகூருக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்தவர். கடிதம் வந்த பிறகுதான் நல்ல சாப்பாடு சாப்பிட்டாராம்.

அந்த நாகூர் இங்கேயும் இருக்கிறது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில், 1828 முதல் 1830க்குள் சூலியா முஸ்லிம்கள், அதாவது தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்கள், கட்டிய நாகூர் தர்கா. இன்று சுற்றிலும் வங்கிகளின் உயரக் கட்டடங்கள். கட்டிய காலத்தில் தெலுக் ஆயர்தான் கடற்கரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்த பிறகுதான் தர்கா ஊருக்கு நடுவில் வந்தது. கப்பலில் வந்து இறங்கியவர் ஈரம் காயும் முன்னே நன்றி சொல்ல வசதியாகக் கரையிலேயே கட்டியிருக்கிறார்கள். அதே தெருவில் சீனக் கப்பல்காரர்கள் கடல் தேவதை மாட்சுவுக்குக் கட்டிய தியன் ஹோக் கெங் கோயில். தேசிய நினைவுச்சின்னமான தர்காவில் இப்போது இந்திய முஸ்லிம் மரபு நிலையமும் நடக்கிறது. மதிய உணவு நேரத்தில் போனால் கூட்டம் இருக்காது. முகப்பின் மேல்வரிசையில் உள்ள சின்னஞ்சிறு சாளர வேலைப்பாடுகளைக் கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்க்கலாம்.

சரி, சகோதர நகரம் என்றால் என்ன? இரண்டு நகராட்சிகள் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது. பிறகு மாணவர்கள் போய் வருவார்கள், கலைக்குழு போகும், பூங்காவுக்கோ சாலைக்கோ மற்ற ஊரின் பெயரை வைப்பார்கள். 1984 முதல் சென்னைக்கு அமெரிக்காவின் டென்வர் சகோதர நகரம். மலையோரத்து ஊர், கடல் கிடையாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் சென்னையைத் தெரிந்துகொண்டால் நல்லதுதானே. எந்த ஊரும் எந்த ஊரோடும் சேரலாம் என்பதற்கு அது சாட்சி.

என் வாதத்துக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது பினாங்கு. ஜார்ஜ் டவுனும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டும் 1973 முதல் சகோதர நகரங்கள். காரணம் ஒரு அப்பாவும் மகனும். 1786இல் பினாங்கில் வந்து இறங்கியவர் பிரான்சிஸ் லைட். அடிலெய்டு நகரத்தை அளந்து வரைந்தவர் அவருடைய மகன் வில்லியம் லைட். பினாங்கில் 1936இல் அப்பாவுக்குச் சிலை வைக்க நினைத்தபோது அவருடைய படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்து அப்பாவின் சிலையைச் செய்தார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் அந்தச் சிலையை நான் பார்த்திருக்கிறேன். கோட்டை மூலையில் 1882ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் ஒன்றும் இருக்கிறது.

ஒரு அப்பாவும் மகனும் இரண்டு ஊர்களைச் சகோதரர் ஆக்கப் போதும் என்றால், நாகையிலிருந்து டெக்கில் பாய் விரித்து வந்த ஆயிரக்கணக்கான அப்பாக்களும் மகன்களும் போதாதா? முகம் தெரியாத லைட்டுக்கு மகன் முகத்தை வைத்துச் சிலை செய்ய முடிந்தது. சத்துமுவில் கல் சுமந்தவனுக்கு மகன் யார் என்று தேடக்கூட ஒருவரும் இல்லை.

சிங்கப்பூர் நாடாயிற்றே என்பவர்களுக்கு: நாடு என்ற முறையில் அது டெல்லியோடு பேசட்டும். ஊர் என்ற முறையில் பேச வேண்டியது நாகையோடு. தெலுக் ஆயரும் தஞ்சோங் பகாரும் சிராங்கூன் சாலையும் எந்தத் துறையிலிருந்து கிளம்பிய ஆட்களால் நிரம்பின என்று பாருங்கள். சின்ன ஊர் என்பவர்களுக்கு: ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் கடந்த அரசன் விகாரம் கட்டத் தேர்ந்தெடுத்த ஊர் அது. 2004 சுனாமியில் தமிழகத்திலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்து எழுந்து நிற்கிற ஊர். 2023 அக்டோபரில் நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நாகைத் துறையிலிருந்து பெட்டியோடு ஆட்கள் கப்பல் ஏறுவதைச் செய்திப் படத்தில் பார்த்தபோது, தாத்தா இதைப் பார்க்க இல்லையே என்று இருந்தது.

கையெழுத்தானால் முதலில் என்ன செய்யலாம் என்பதற்கும் என்னிடம் பட்டியல் இருக்கிறது. மாணவர் பரிமாற்றமெல்லாம் தானாக நடக்கும். நான் கேட்பது இரண்டு வேலை. ஒன்று, கைதிகளின் பெயர்ப் பட்டியல். கிழக்கிந்தியக் கம்பெனியார் கணக்கில் கெட்டிக்காரர்கள். யாரை எந்தக் கப்பலில் ஏற்றினோம் என்று எழுதாமல் விட்டிருக்க மாட்டார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் உட்கார்ந்து தேட இரண்டு ஊர் மாணவர்களையும் சேர்த்து அனுப்பலாம். எந்தப் பெயர் சத்துமுவில் வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடிந்தால் அந்தப் பெயர்களைக் கல்லில் வெட்ட வேண்டும், உபின் கல்லில். தீவுக்குத்தான் யாரும் போக முடியாதே, அதனால் மரீனா சவுத் படகுத்துறையில் வைக்கலாம். இரண்டாவது, நாகையில் புதுவெளிக் கோபுரம் நின்ற பக்கத்தில் ஒரு பலகை. தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும், நம் எம்ஆர்டி ரயில் நிலையங்களில் இருப்பது போல.

இதைப் பாக் சிக்கிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "செமாக்காவ் பெயரையும் எங்கேயாவது போடுவார்களா?" என்றார். போட வேண்டும். அந்த விளக்கை வைத்து வீடு திரும்பியவர்கள் அவர்கள்தான். தெற்குத் தீவுகளில் பிறந்தவர்களின் ஞாபகங்களையும் இதே வேலையில் சேர்க்கலாம் என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ராஜுலாவிலோ சிதம்பரத்திலோ நாகையிலிருந்து வந்தவர்கள் இருந்தால், கடைசி இரவில் என்ன வெளிச்சம் பார்த்தார்கள், எந்தக் கையின் பக்கம் தெரிந்தது, அதற்கு முன்னால் வேறு விளக்கு தெரிந்ததா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். பழைய பயணச்சீட்டு, செயின்ட் ஜான்ஸ் தீவில் தங்கவைத்து அம்மை ஊசி போட்ட சான்றிதழ், கப்பலில் எடுத்த படம் எதுவானாலும் சரி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பெரியவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, அதனால் இந்த வாரக் கடைசியிலேயே கேட்டுவிடுங்கள்.